வளை வாய் பார்த்தவன்

எலிப்புழுக்கையும் ஈர மண்ணும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் நின்றுவிட்டேன். நின்ற இடம் ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டுக் காடு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான்; இன்று ஐந்து போர்வெல் லாரிகளுக்குச் சொந்தக்காரன். அதில் இரண்டை அங்கே ஓட்டும் என் மகன்தான் காடு காட்டுகிறேன் என்று அழைத்துப் போயிருந்தான். வானமே தெரியாத மரங்கள். முன்னால் அந்தக் காட்டிலேயே பிறந்த வழிகாட்டி, பின்னால் கேமராவும் கையுமாக வெள்ளைக்காரர்கள். அவர்களில் ஒருவர் வேரடியில் இருந்த வளைக்குள் கையை விடக் குனிந்தார். "வேணாம்யா!" என்று தமிழிலேயே கத்தி, சட்டையைப் பிடித்து இழுத்தேன். வளையின் வாய் வழவழவென்று தேய்ந்திருந்தது. வழிகாட்டி பார்த்துவிட்டு, உள்ளே பாம்பு என்று கையை நெளித்துக் காட்டி, என் முதுகில் தட்டினார். அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். கற்றுக்கொண்ட விதத்தில்தான் பெருமை இல்லை.

பத்து பதினோரு வயதில், சாலவாக்கம் பக்கத்துக் கரட்டுக் காட்டில் ஆடு மேய்த்தேன். கூட்டாளி கன்னியப்பன், இருளர் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். வளையின் ஒரு வாயில் பானைப் புகையை ஊதி, இன்னொரு வாயில் எலியைப் பிடிப்பது அவர்கள் தொழில். வாயில் புது மண் தள்ளியிருந்தால் எலி. தேய்ந்து மழமழவென்று கிடந்தால் பாம்பு குடிவந்துவிட்டது. இதை ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும். கை விடுகிறவன் திரும்பப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சொன்னவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். "வாய் பாத்தவன் சொன்னா சொன்னதுதான்" என்பாள் அவன் அம்மா.

ஒரு பங்குனிப் பகலில் கன்னியப்பன் பானையை ஊதிக்கொண்டிருந்தான். அடுத்த வாய் சூரை முள்ளுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

"இன்னா தொர, பாத்தியா? முள்ளுக்குப் பயந்துக்கினு நிக்கிறியா?"

"யாருக்கு பயம்? பாத்துட்டேன்டா. புது மண்ணு கீது."

நான் பார்க்கவில்லை. அவன் புதரைச் சுற்றி வந்து, முள்ளை விலக்கி, வளையைப் பாராமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை விட்டான்.

கத்தவில்லை அவன். கையை உருவியபோது ஆள்காட்டி விரலில் இரண்டு பொட்டு ரத்தம். உள்ளே சுருட்டை விரியன் செதில் உரசும் 'சர்ர்' சத்தம் எனக்கும் கேட்டது. அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆடுகள் எங்கே போயின என்று திரும்பிப் பார்க்கவில்லை. குடிசைகள் தெரியும்போது அவன் எச்சில் என் தோளில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

அவன் அம்மா பச்சிலையை அரைத்துக்கொண்டே கேட்டாள்: "வாய் யார்றா பாத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "நாந்தான்மா. பாக்காத கைய உட்டுட்டேன். அவன் ஆட்ட ஓட்டப் போய்ட்டான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கையெல்லாம் சூரை முள் கீறல்; எனக்கு முழங்கால் வரை ஒரு கீறல்கூட இல்லை. பிறகு அரைத்த பச்சிலையை அவன் விரலில் வைத்துக் கட்டினாள்.

மூன்று நாள் அவன் பிழைப்பானா என்று தெரியவில்லை. நான் சோறு தொடவில்லை. காலையில் போய்க் குடிசைக்கு வெளியே நிற்பேன், அழுகைச் சத்தம் கேட்காவிட்டால் திரும்புவேன். நான்காம் நாள் கஞ்சி குடித்தான். விரல் கறுத்து, மாதக் கடைசியில் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவன் என்னோடு காட்டுக்கு வந்தான், சிரித்தான், பானையும் ஊதினான். ஆனால் வாயை மட்டும் அவனே பார்த்தான்.

இன்று அந்தக் கரடு கல்குவாரிப் பள்ளம். அவன் குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு என்று ஊர் ஊராகப் போனது. நான் மெட்ராஸ் போய்ச் சம்பாதித்துத் திரும்பியபோது குடிசைகள் இருந்த இடம் வேலிக்குள் இருந்தது. விசாரித்ததில் அவன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை; அவன் அம்மா செத்து வெகுநாள் ஆகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. வாய் பார்க்க நின்றவன் நான்தான் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.