கம்ப்யூட்டர் படுத்தபோது ஸ்ரீரங்கம் வந்தவர்கள்

இந்த வெள்ளைக்கார ஊரில் ஒரு வாலிபன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒதுங்கி ஏறிப் போய்விடுகிறார்கள். நான் கேட்டுவிட்டேன். பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் மைய வாசலில் உட்கார்ந்திருந்த கீத், என் துறையிலேயே படிக்கிறவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் போய்விட்டான், எவ்வளவு பாடுபட்டு வளர்த்தேன் என்றான். எனக்குப் பதறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியா, உடம்புக்கு என்ன என்று விசாரித்தேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். போனவன் ஒரு மந்திரவாதி. கம்ப்யூட்டருக்குள் இருந்தவன். அதுவும் செத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் அவனைப் போய்ப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

கம்ப்யூட்டரைப் பார்க்காத திருச்சி வாசகர்களுக்குச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு அளவுக்கு ஓர் இயந்திரம். அதிலிருந்து கம்பி இழுத்துப் பல அறைகளில் தட்டச்சுப் பலகையும் திரையும் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அதனிடம் கணக்குக் கேட்கலாம். கீத்தும் அவன் நண்பன் ராபினும் இன்னும் சிலரும் அதற்குள் ஒரு விளையாட்டைக் குடிவைத்திருந்தார்கள். படம் கிடையாது, எழுத்து மட்டும். ‘வடக்கு’ என்று தட்டினால், குகைக்கு வந்திருக்கிறாய் என்று சொல்லும். அங்கே வேறொருவன் வேறோர் அறையிலிருந்து வந்து நிற்பான். அவனைக் கொன்று புதையலை எடுத்தால் புள்ளி. போதிய புள்ளி சேர்த்தவனுக்கு ‘விஸர்ட்’, அதாவது மந்திரவாதி, என்று பட்டம். பட்டம் வாங்கத்தான் பல்கலைக்கழகம் வந்தார்கள், இந்தப் பட்டம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இயந்திரத்தில் எல்லாம் பதிவாகிற வட்டு ஒன்று கெட்டுவிட்டது, புதியது அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று தெரியாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். உள்ளே இருந்ததில் எது பிழைக்கும் என்பதும் தெரியாதாம். அதற்குள் என்னுடைய ஆராய்ச்சியும் இருந்தது, திருச்சி மாவட்டத்து நெல் விளைச்சல் கணக்கு முழுவதும். கோடையோடு என் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் முடிவுகள் வராவிட்டால் பட்டம் இல்லாமல் திரும்ப வேண்டும். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். உப்பிலியபுரத்தில் அப்பா முகத்தில் விழிப்பது எனக்குக் கஷ்டமில்லை. பொம்பளைப் பிள்ளையை அனுப்பாதே என்று அவரிடம் சொன்ன அத்தனை பேர் முகத்திலும் விழிக்கவேண்டுமே, அதுதான் கஷ்டம்.

நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவர்களோ தினமும் வந்தார்கள். இருண்ட திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பலகையைச் சும்மா தட்டினார்கள். டீ குடித்தார்கள். போன மாதம் யார் யாரைப் பாலத்தடியில் கொன்றார்கள் என்று பேசினார்கள். வெளியே இந்த நாட்டில் அபூர்வமாகக் கிடைக்கிற வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இவர்களுடைய தாத்தாக்கள்தான் நம்மை ஆண்டார்கள் என்று நினைத்தபோது எனக்கு ஆண்டவர்கள்மேல் எரிச்சல் வரவில்லை. ஆளப்பட்டவர்கள்மேல்தான் வந்தது.

ஊரில் இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். நான் கல்லூரியில் படித்தபோது ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். அவருக்கு வாடகைச் சைக்கிள் கடை. கடைச் சாவி அவர் இடுப்பில், அவரோ அம்மா மண்டபம் படித்துறையில். அங்கே கல்தரையில் யாரோ எந்தக் காலத்திலோ செதுக்கிய தாயக்கட்டம் ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா வரதன் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அதில் முடியாத ஆட்டம். சைக்கிள் கேட்டு ஆட்கள் வாசலில் நிற்க, சித்தி என்னை விரட்டுவாள். நான் போய்ச் சாவியை வாங்கிக் கடையைத் திறந்துவிட்டுத்தான் திருச்சிக்குப் பஸ் பிடிப்பேன்.

ஓர் ஐப்பசியில் காவிரி ஏறியது. மண்டபத்துக்குள் தண்ணீர், எங்கள் வீட்டு முற்றத்திலும் தண்ணீர். சித்தி செம்பால் மொண்டு மொண்டு வாசலில் கொட்டினாள். சித்தப்பாவைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் மேல்படியில் இருவரும் உட்கார்ந்து கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் அடியில் கிடந்தது. ஒரு சாக்கட்டியால் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் கட்டம் போட்டிருக்கலாம். போடமாட்டார்கள். அந்த ஆட்டம் அந்தக் கல்லில்தான். தண்ணீர் வடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆடவேண்டும். ஆனால் காய்களாக வைத்த புளியங்கொட்டைகளை ஆறு கொண்டுபோய்விட்டது. எந்தக் காய் எங்கே இருந்தது என்பதில் சண்டை. சித்தப்பா, தன் கடைசிக் காய் பழமாகிற கட்டத்துக்கு முந்தின கட்டத்தில் நின்றது என்றார். மாமா என்னைப் பார்த்தார்.

“நீயே சொல்லு குழந்தே. தினம் சாவி வாங்க வரே. நோக்கு இதுல ஆசை கெடையாது. நீ சொன்னா பெருமாள் சொன்ன மாதிரி.”

நான் சாவிக்காகக் கை நீட்டி நின்ற நேரங்களில் பார்க்க வேறு எதுவும் இருந்ததில்லை. அதனால் தெரியும். “உங்க காய் வெட்டுப்பட்டு வெளியில கெடந்துச்சு சித்தப்பா,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாப்பிட வந்தவர் தட்டைத் தொடவில்லை. “சொந்தச் சித்தப்பாவுக்கு எதிரா சாட்சி சொல்லத்தான் இவளைப் படிக்க வெக்கிறோமா?”

சித்தி நிமிரவில்லை. “படிக்க வெச்சது நானு. நீங்க புளியங்கொட்டைதான் வெச்சீங்க.”

இதைக் கீத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. அவன் இருட்டுத் திரையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பொறுக்காமல், உங்களைப் போல எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள் என்று இளக்காரமாகத்தான் சொன்னேன். அவனுக்குப் பெருமையாகிவிட்டது. மறுநாள் ராபினைக் கூட்டிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் விளையாட்டையே காகிதத்தில் ஆடிப் பார்த்தார்களாம். ஒருவன் வாய்விட்டு வழி சொல்ல மற்றவர்கள் ஆடவேண்டும். வழி சொல்கிறவன் தன் புதையல் பக்கமாகவே வழியைத் திருப்பிவிடுகிறான், அதனால் சண்டை. விளையாட்டில் ஆசையே இல்லாத ஓர் ஆள் வேண்டும், நீதான் என்றார்கள். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் எனக்கு இந்த ஒரு வேலைதான் போலிருக்கிறது.

நான் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. மூலையில் தூசி படிந்து, கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைகளில் ஓட்டை போடும் பழைய கார்டு பஞ்ச் இயந்திரங்கள் இருந்தன. கம்ப்யூட்டர் படுத்தாலும் அவை ஓடும். என் கணக்குகள் அச்சடித்த காகிதங்களாக என்னிடம் பத்திரமாக இருந்தன. கரண்டை நம்பிக் காரியம் செய்யத் திருச்சியில் வளர்ந்த எவளுக்கும் வராது. அத்தனையையும் நீங்கள் அட்டைகளில் ஓட்டை போட்டுத் தர வேண்டும் என்றேன். எழுத்தைத் தட்டித் தட்டி ஆள் கொன்ற விரல்கள், என் நெல் மூட்டைகளை மளமளவென்று அட்டையில் இறக்கின. அவர்கள் உருப்படியாகச் செய்து நான் பார்த்த ஒரே வேலை அது.

சாயங்காலங்களில் நான் வழி சொன்னேன். அவர்களுடைய குகையும் கோட்டையும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கீத் ‘வடக்கு’ என்றபோது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மேலே கட்டி முடிக்காமல் விட்ட ஒரு மொட்டைக் கோபுரம். உள்ளே தெரு. தெருவைச் சுற்றி மதில். மதிலுக்குள் இன்னொரு தெரு, அதற்கும் மதில். அவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். எத்தனை மதில் என்று ராபின் கேட்டான். ஏழு என்றேன். இப்படி ஓர் இடத்தை நீயாகக் கற்பனை செய்தாயா என்றான். அடுத்து எந்தத் திசை என்றேன். ‘தெற்கு’ என்றால் ஆறு. ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை, ஒட்டினாற்போல் ஒரு வீடு. கீத் வீட்டுக்குள் நுழைகிறேன் என்றான். புதையல் இருக்கிறதா என்று கேட்டான். உள்ளே ஒரு பெண் செம்பால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறாள், உனக்காக நிமிரமாட்டாள், வெளியே போ என்றேன்.

வட்டு வந்தது. இயந்திரம் எழுந்தது. என் கணக்கு ஏறுவதற்கு முன்பு எடுத்த பழைய பதிவு ஒன்றிலிருந்துதான் உள்ளே இருந்ததை மீட்க முடிந்தது. என் கணக்கு முழுவதும் போயிருந்தது. கீத்தின் மந்திரவாதி பிழைத்துவிட்டான். அவன் குதித்தான். நான் அட்டைக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோடைக்கு முன்பே முடிவுகள் வந்துவிட்டன. பட்டம் கிடைக்கும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கூடவே இங்கேயே ஒரு வேலையும் இருக்கிறது என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதிராகப் பேசியவர்கள் முகத்தில் இனி விழிக்க வேண்டாம். ஜெயித்த பிறகு அந்த முகங்களை நேருக்கு நேர் பார்க்கவும் முடியாது என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது.

மொட்டைக் கோபுரத்துக்குமேல் இப்போது நிலை நிலையாகக் கட்டுகிறார்களாம், சித்தி சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். நீ வரும்போது ஊரே அடையாளம் தெரியாது என்று ஒரு வரி.

போன வாரம் கீத் என்னைக் கூப்பிட்டு ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தான். நன்றிக்காகச் செய்தானாம். விளையாட்டுக்குள் ஸ்ரீரங்கத்தைக் கட்டியிருந்தான். பச்சை எழுத்தில் மொட்டைக் கோபுரம் அப்படியே நின்றது. காவிரியை வடக்கே வைத்திருந்தான், மூடன். நான் தேடிப் போய்ச் சைக்கிள் கடையைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளே போகிறேன் என்று தட்டினேன். போதிய புள்ளி சேர்த்தவர்களுக்குத்தான் இந்தக் கதவு திறக்கும் என்றது. அடுத்த அறையிலிருந்து கீத் வந்து சேர்ந்தான். அவன் விஸர்ட். எழுத்தில் என்னைக் கடந்து உள்ளே போனான்.

“அவள் இன்னும் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கிறாள்,” என்று சுவருக்கு அப்பாலிருந்து சத்தமாகச் சொன்னான். “நீ சொன்ன மாதிரியே, நிமிரவில்லை.”

ஆள் கொன்று புள்ளி சேர்த்து அந்த வீட்டுக்குள் போக எனக்கு அவசியமில்லை. அந்தக் கதவைப் பகலில் யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் போதும். ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி ‘சித்தி’ என்று தட்டினேன்.

அப்படி ஒரு சொல் தனக்குத் தெரியாது என்றது.