பல் பிடுங்கப் போனவரின் ரத்தம்

1. டோக்கன் நாலு

தூத்துக்குடியில் ஒரு தனியார் லேபில் நான் சீனியர் டெக்னீஷியனாக இருந்த கடைசி வருடங்களில் நடந்தது இது. காலை பதினோரு மணிக்கு ஒரு சாம்பிளை மெஷினில் வைத்தேன். பெயர் சிலுவை, வயது முப்பத்தெட்டு, கீழவைப்பாரில் சங்கு குளிப்பவர். கடைவாய்ப் பல்லில் வலி, ஒரு வாரமாக ஈறில் ரத்தம். ரத்தம் பார்த்துவிட்டுத்தான் பல்லைப் பிடுங்குவேன் என்று பல் டாக்டர் அனுப்பியிருந்தார்.

ஹீமோகுளோபின் எட்டு. வெள்ளையணு இரண்டாயிரத்துச் சொச்சம். பிளேட்லெட் பதினாலாயிரம். ரத்தத்தை உறையவைக்கும் இந்த அணு ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது. அது டெங்கு பரவியிருந்த மாதம். பிளேட்லெட் குறைந்த சாம்பிள்கள் அன்றைக்கே ஐந்தாறு வந்திருந்தன. ஆனால் இவருக்குக் காய்ச்சல் இல்லை. எண்களுக்குப் பக்கத்தில் மெஷின் எச்சரிக்கைக் குறியும் போட்டிருந்தது. கண்ணால் பார்த்து முடிவு செய் என்பதுதான் அந்தக் குறிக்கு அர்த்தம்.

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வெள்ளையணுக்கள் முதிராமல் பெரிதாக இருந்தன. சிலவற்றின் உள்ளே ஊசிகளைக் கட்டாகக் கட்டி வைத்ததுபோலச் சிவப்புக் கோடுகள். பாடத்தில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் லேபின் நோயியல் டாக்டர் மதியம்தான் வருவார். போனில் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ஆள் எங்கம்மா இருக்காரு?"

"ரிப்போர்ட் சாயங்காலம் வாங்கிக்கிடுதோம்னு போயிட்டாங்க சார்."

"பல்லைத் தொடவே கூடாது. தொட்டா ரத்தம் நிக்காது. அவங்களைப் பிடிங்க, நான் இப்பவே வாரேன்."

படிவத்தில் இருந்தது மனைவியின் நம்பர். விக்டோரியா என்று பெயர். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"வலி தாங்க மாட்டாம நிக்காக அக்கா. ரிப்போர்ட் கேக்காம பிடுங்குத டாக்டர் ஒருத்தர் இங்கன பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்காரு. டோக்கன் நாலு. மூணாவது ஆளு உள்ள இருக்காக."

"பிடுங்க விடாதீங்க. அவரைக் கூட்டிட்டு இங்க வந்துருங்க."

"நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்களே பேசுங்க."

சிலுவை போனை வாங்கினார். "கால்ல கையில எத்தனையோ தடவ பாறை கிழிச்சிருக்கு. ரத்தம் தன்னால நின்னுரும், சிஸ்டர்."

நோயின் பெயரைச் சொல்ல டெக்னீஷியனுக்கு உரிமை இல்லை. "முன்னால நின்னுச்சு, அண்ணாச்சி. இப்ப நிக்காது. உங்க ரத்தத்தை நான் கண்ணால பாத்துட்டுத்தான் பேசுதேன். பல்லு அங்கனயேதான் இருக்கும், நாளைக்கும் பிடுங்கலாம்" என்றேன்.

நாலாம் நம்பரைக் கூப்பிடும் குரல் போனில் எனக்கே கேட்டது. பிறகு அவர், "ஏளா, எந்தி. போவோம்" என்று மனைவியிடம் சொன்னார்.

லேபுக்கு வந்ததும் எங்கள் டாக்டர் அவர்களை உட்காரவைத்து, ரத்தப் புற்றுநோய் போலத் தெரிகிறது என்று நேராகவே சொன்னார். விக்டோரியா அழவில்லை. "உடம்புல கட்டி ஒண்ணும் இல்லையே, டாக்டர்?" என்று கேட்டார்.

"எல்லாப் புற்றுநோயும் கட்டியா வராதும்மா. ரத்தம் எலும்பு மஜ்ஜையிலதான் ஊறுது. அங்க முதிராத அணு பெருகி நல்ல அணுவுக்கு இடமில்லாமப் போனா அது லுக்கீமியா. லிம்போமான்னு இன்னொண்ணு இருக்கு, அது நெறிகட்டுத இடத்துல வரும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. இவருக்கு வந்திருக்கது மாத்திரைக்கு நல்லாக் கேக்குத வகை. முதல் சில வாரம் ரத்தப்போக்குல தப்பிச்சிரணும், அதுதான் கண்டம்."

அன்று மதியமே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வருமுன்பே மாத்திரை தொடங்கிவிட்டார்கள். நான்காம் நாள் கண்ணில் ரத்தம் கசிந்து ஒரு பக்கம் பார்வை மங்கியது. அவரோடு கடலில் முங்கிச் சங்கெடுக்கிறவர்கள் முறைவைத்துப் போய் பிளேட்லெட் கொடுத்தார்கள். சிலுவை பிழைத்தார். சிகிச்சை முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களிடம் ரத்தம் பார்க்க வந்தார். நான் ஓய்வு பெறும்வரை நோய் திரும்பவில்லை. முங்குவதை விட்டுவிட்டு, வள்ளத்தில் இஞ்சின் பார்க்கிறார்.

2. அதற்கு முன்பு ஒருவர்

ஓய்வு பெற்ற அன்று இந்தக் கதையைச் சொல்லித்தான் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். நான் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

சிலுவைக்கு ஆறு வருடம் முன்பு, சாத்தான்குளத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். ஓயாத அசதி. வெள்ளையணு குறைவு, பக்கத்தில் அதே எச்சரிக்கைக் குறி. அன்று கூட்டம் அதிகம். ஸ்லைடு போடாமல் எண்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்தேன். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் அசதி என்று அவருக்குச் சத்து மாத்திரை எழுதினார்கள். ஐந்து வாரம் கழித்து வேறு இடத்தில் லுக்கீமியா என்று கண்டுபிடித்தார்கள். நுரையீரலில் கிருமி பரவி இறந்துபோனார்.

அவருடைய கணவர் பழைய ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "இதுலயே தெரிஞ்சிருக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இதுல ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். அச்சடித்த தாளைப் பொறுத்தவரை அது உண்மை. அவர் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்று லேபில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். குறி வந்தால் ஸ்லைடு போடுங்கள், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும். போடாமல் விட்டிருந்தால், கேட்க வருகிறவரிடம் போடவில்லை என்று சொல்லுங்கள். முதலாவதை நான் கற்றுக்கொண்டேன். இரண்டாவதை இங்கே எழுதுகிறேனே தவிர, அந்த ஆசிரியையின் கணவரிடம் இன்னும் போய்ச் சொல்லவில்லை.