எங்கள் குழுவின் நீல டேங்க்

எங்கள் இயற்கைப் பருத்திக் குழுவுக்குப் பொதுவாக, முதுகில் மாட்டித் தெளிக்கிற ஒரு நீல டேங்க் இருந்தது. வேப்பங்கொட்டைக் கரைசல், இஞ்சி பூண்டுக் கரைசல் தவிர வேறெதையும் அதில் ஊற்றக் கூடாது என்பது கட்டுப்பாடு. நான் அதிகம் பேசமாட்டேன், யாரோடும் வம்புக்குப் போகமாட்டேன் என்று அதை என் வீட்டில் வைத்திருந்தார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு ஊரில் கிடைத்த ஒரே பொறுப்பு அது.

எங்கள் பருத்திக் கொல்லைகளுக்கு நடுவில் மதனியின் கொல்லை. என் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. அண்ணன் போன பிறகு தனியாகவே பாடுபட்டார். மூன்று வருடம் விஷம் படாத மண்ணுக்குத்தான் இயற்கை விவசாயச் சான்றிதழ் என்றார்கள். அந்த மூன்று வருடமும் காய்ப்புழுவைக் கையால் பொறுக்கி உப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார். கரைசலுக்கு வேப்பங்கொட்டை இடிக்கும்போது என்னைச் சீண்டாமல் விடமாட்டார். "என்ன கொழுந்தனாரே, வாய வீட்டுலயே வச்சுப்புட்டு வந்துட்டீங்களா?"

மூன்றாவது வருடம், காய் முற்றுகிற சமயம். என் மச்சினன் வந்து, நெல்லுக்கு மருந்தடிக்க டேங்க் கேட்டான். அவனுடையது ஒழுகியதாம். "ஒரு மணி நேரம் குடுங்க மச்சான், யாருக்குத் தெரியப் போவுது?" எடுத்துக் கொடுத்துவிட்டேன். டேங்க் திரும்பி வந்ததும் நானே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தேன். இன்னொரு குடம் பிடிப்பதற்குள் மோட்டாருக்குக் கரண்ட் போய்விட்டது. மறுநாள் காலையில் மதனி வந்து அதைத் தூக்கிப் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரமே சோதனைக்கு வந்தவர்கள் எல்லாக் கொல்லையிலும் இலை பறித்துப் போனார்கள். மதனியின் இலையில் மட்டும் விஷம் இருப்பதாகத் தாள் வந்தது.

கூட்டம் போட்டோம். மதனி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றார். "மாரியாத்தா சத்தியமா நான் அடிக்கலங்க."

"அப்ப மாரியாத்தா வந்து அடிச்சுட்டுப் போயிருச்சாக்கும்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். "ஆம்பள இல்லாத வீடு, கேக்குறதுக்கு யாரு இருக்கா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நடுவில் அந்தச் செடி நின்றால் அத்தனை பேருக்கும் சான்றிதழ் போய்விடும், பிடுங்கிவிடலாம் என்று முடிவானது. கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன்.

பிடுங்கவும் போனேன். முதல் காய்கள் வாய் பிளக்கத் தொடங்கியிருந்தன. பருத்தி வேர் லேசில் வராது. இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். மதனி ஒரு செடியைக்கூடத் தொடவில்லை, வரப்பில் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியதும் எனக்கு மட்டும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "அத்தனை பேரும் காறித் துப்புனாங்க. நீங்க ஒருத்தர்தான் தம்பி என்னைய ஒரு வார்த்தை சொல்லல." அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மிச்சச் செடிகளையும் பிடுங்கினேன்.

இப்போது அந்தக் கொல்லையில் தைலமரம் நிற்கிறது. எங்களுக்குச் சான்றிதழ் வந்து நாலு வருடம் ஆகிறது. மதனி என் கொல்லைக்குப் பஞ்செடுக்கக் கூலிக்கு வருகிறார். உடன் வருகிறவர்கள் அவருக்கு மருந்துக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் சண்டைக்குப் போனார். பிறகு அழுதார். இப்போது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறார். "ஏ மருந்துக்காரி, இங்கிட்டு வா" என்று என் மனைவியும் கூப்பிடுகிறாள். டேங்க்கை வாங்கிப் போனவன் தன் தம்பிதான் என்று அவளுக்குத் தெரியும்.

போன வாரம் எங்கள் பருத்தியைப் பார்க்க வெளியூரிலிருந்து சிலர் வந்தார்கள். ஒரு பெண் மதனியிடம் பெயர் கேட்டார். மதனி பஞ்சிலிருந்து கையை எடுக்காமல், "மருந்துக்காரின்னு கேளுங்க, யாரு வேணாலும் சொல்லுவாங்க" என்றார்.

"இயற்கைப் பருத்தியில என்னங்க மருந்து?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.