பூட்டிய கோர்ட்டுக்குள் போன நீதிபதி

இதைச் சொன்னதற்காக என்னை மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவரிடமும் இதையேதான் சொன்னேன். நான் பார்த்தது நிஜம்.

மிசிசிப்பியில் ஒரு ஃபெடரல் கோர்ட்டின் வாசலில் எனக்குக் காவல் வேலை. நீதிபதி ஸ்டோக்லிக்குப் பல வருடம் கதவு திறந்துவிட்டவன் நான். சாகும்வரை யாராலும் பறிக்க முடியாத பதவி என்று பெருமையடிப்பார். பறித்துவிட்டார்கள். நண்பரான ஒரு வக்கீலின் மகனைக் காப்பாற்ற, ரூஃபஸ் கேட்ஸ் என்ற அப்பாவியின் சாட்சியைப் பேசவிடாமல் தடுத்து, அவனை ஆயுள் முழுக்க உள்ளே தள்ளினார். விசாரணையில் சத்தியம் செய்து பொய்யும் சொன்னார். வாஷிங்டனில் செனட் கூடி அவரை வீட்டுக்கு அனுப்பியது.

ரூஃபஸ் மட்டும் சிறையிலேயே கிடந்தான். புது நீதிபதி அவன் மனுவைத் தள்ளிவைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்டோக்லி தினமும் வாசலுக்கு வருவார்.

"டெல்மர், அஞ்சு நிமிஷம் உள்ள விடுப்பா. அந்தத் தீர்ப்ப மாத்தணும்."

"நீங்க இப்ப ஜட்ஜ் இல்லீங்கய்யா. செல்லாது."

"தப்பா எழுதினப்ப செல்லுச்சு. சரியா எழுதினா செல்லாதா?"

எரிச்சலாக வரும். அவர்மேலா, சட்டத்தின்மேலா, தெரியாது. திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜனவரியில் ஒரு மதியம். வெளியே பனிமழை. ஸ்டோக்லி வந்தார். நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக மெட்டல் டிடெக்டருக்குள் நுழைந்தார். அவர் இடுப்பு எலும்பில் ஆபரேஷன் செய்து இரும்பு வைத்திருக்கிறார்கள். எப்போதும் அலறும்.

அன்று... சத்தமே இல்லை.

"ஐயா, நில்லுங்க!"

"யாரக் கூப்பிடறே? அங்க ஒருத்தருமே இல்லையே" என்றாள் கூடக் காவலுக்கு நின்ற வெர்னா.

ஓடினேன். அவர் போன வழியில் தரை காய்ந்திருந்தது. மூன்றாவது மாடியில், அவர் பதவி போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அவருடைய கோர்ட் அறை திறந்திருந்தது.

ஆசனத்தில் அவர். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. ஆத்திரத்தில் மேசையைக் குத்தினார்.

அதற்கும் சத்தமில்லை.

கீழே, கைதி உட்காரும் இடத்தில்...

கிரீச்ச்...

நாற்காலி தானாக நகர்ந்தது.

"லேட்டாயிடுச்சுங்கய்யா."

ரூஃபஸின் குரல்.

கண்ணை மூடித் திறந்தேன். யாரும் இல்லை.

கீழே வந்து ஸ்டோக்லியின் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி லூயெல்லா எடுத்தார்.

"ஜட்ஜையா எங்கம்மா?"

"இங்கதான், என் எதிர்ல. காலையிலேர்ந்து வெளியவே போகலை." அழுதார். "சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு திடீர்னு மேசையக் குத்தறாரு, டெல்மர்... வாயத் திறக்கறாரு, சத்தமே வரலை."

மறுநாள் செய்தி வந்தது. ரூஃபஸ் முந்தின நாள் காலையே சிறையில் இறந்திருந்தான்.

ஸ்டோக்லி இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். அந்த மதியத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள்.