பின்பக்கத்தில் இருந்த முகம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு அன்டியின் ஒரே மகள் அந்த ஈஸ்டர் ஞாயிறன்று கோயில் பூசைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. என் மகளைப் பாலர் பாடசாலைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவள்தான். அதனால் அவளுடைய படங்கள் என் கைபேசியில்தான் அதிகம் இருந்தன.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். அன்டி கதைக்கும் நிலையில் இல்லை. என்னிடம் கேட்டார்.

"அக்கா, படம் ஒண்டு தாங்க. சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லம்."

"ஐடென்டிட்டி கார்ட் படம் போதாதோ?"

"அதுல உயிர் இல்லையே அக்கா."

என் மகளின் பிறந்தநாளில், மூக்கில் கேக் கிரீமோடு அவள் சிரிக்கும் படத்தை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அன்டியைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது.

பத்திரிகை வந்தது. முன்பக்கத்தின் பாதியை, கோயிலுக்குள் குண்டை வெடிக்க வைத்தவனின் முகம் பிடித்திருந்தது. கீழே அவன் எங்கே படித்தான், எப்படிப் பேசுவான், என்ன விரும்பிச் சாப்பிடுவான் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். தாளைத் திருப்பினால் இறந்தவர்கள், முத்திரை அளவில். அவளும் அவர்களுக்கு நடுவில்.

என் மகள் அவன் முகத்தில் விரலை வைத்தாள். "இவர் ஆர் அம்மா? பெரிய ஆளோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் பெரிசாப் போட்டிருக்கு?"

அந்தப் பத்திரிகைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து அதையே கேட்டேன்.

"அதப் பாத்துத்தானே அக்கா சனம் வாங்குது. நீங்க வாசிக்கேல்லயா?"

வாசித்திருந்தேன். கடைசி வரி வரைக்கும். எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேனா, அல்லது சும்மா பார்க்கத்தான் ஆசைப்பட்டேனா, இன்றைக்கும் தெரியவில்லை. அழைப்பைத் துண்டித்தேன்.

குடும்பத்தில் ஒருவர் இறந்தால், பத்திரிகையில் வருவதை வெட்டிச் செபப் புத்தகத்துக்குள் வைப்பது அன்டியின் வீட்டு வழக்கம். கோயில் ஆட்கள் சொல்லி, படம் வந்ததை அறிந்து அன்டி என்னிடம் வந்தார்.

"வெட்டித் தாங்க மகள். கண்ணாடிய எங்கயோ வச்சிட்டன்."

"ஃபோனில நல்ல படம் இருக்கு அன்டி. பெரிசா அடிச்சுத் தாறன்."

"அது எப்பவும் எடுக்கலாம். இது பேப்பர்ல வந்தது. அவட அப்பாட பேப்பர்த் துண்டுக்குப் பக்கத்துல வைக்கணும்."

கத்தரிக்கோலை வைத்தபோதுதான் கண்டேன். அவளுடைய முகத்துக்கு நேர் பின்னால் அவனுடைய ஒரு கண்ணும் புருவமும். எந்தப் பக்கமாக வெட்டினாலும் அவனும் சேர்ந்துதான் வருவான்.

அன்டி கண்ணாடி போட்டிருக்கவில்லை. "பின்னுக்கு என்ன மகள் இருக்கு?"

"விளம்பரம் அன்டி."

பின்பக்கத்தில் வெள்ளைத் தாளை ஒட்டினேன். பசை ஈரத்தில் அந்தக் கண் அவளுடைய நெற்றியில் தெளிவாகத் தெரிந்தது. காய்ந்ததும் மங்கியது. முழுதாகப் போகவில்லை.

இப்போதும் பின்னேரங்களில் அன்டி யன்னலோரம் நின்று செபிப்பார். பார்வை குறைந்துவிட்டதால் அந்தத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். அப்படிப் பிடிக்காதீர்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாரே.

ஒருநாள் அவரே கேட்டார். "நெத்தியில என்னவோ கறுப்பா இருக்கு மகள். மை ஊறிட்டுதோ?"

"ஓம் அன்டி. பழைய பேப்பர்தானே."

அவர் அந்த இடத்தை விரலால் மெல்லத் துடைத்துவிட்டு, அங்கேயே முத்தமிட்டார்.