வெண்கலப் பந்தாட்டக்காரரின் குதிக்கால்

போன ஆண்டு எங்கள் புங்குடுதீவு வீட்டுக்குக் கனடாவில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் விறாந்தையில் இருக்கும் வெண்கலச் சிலையைச் செய்த சித்திர வாத்தியாரின் மகன் பேசினார்.

"ஒருக்கா வந்து பாக்கலாமோ, அக்கா?"

வெளிநாட்டுக்குப் போன ஊர்க்காரர் முதலில் ஒருக்காப் பார்க்கத்தான் வருவார்கள். அடுத்த முறை கையில் காணி உறுதிப் பத்திரத்தோடு வருவார்கள். பக்கத்து வளவு அப்படித்தான் கைமாறியது.

சிலை ஒரு முழ உயரம். பந்தை உதைக்கக் காலை ஓங்கி நிற்பவர் என் ஐயா. அவர் தீவு அணிக்கு ஆடிய காலத்தில் அந்த வாத்தியார் மெழுகில் பிடித்து, கோயில் விக்கிரகம் வார்ப்பவர்களிடம் கொடுத்து வார்ப்பித்தாராம். இடம்பெயர்ந்ததில் ஐயாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போன இது மட்டும் மிஞ்சியது. அவர் முகத்தை நான் இதில்தான் பார்க்கிறேன். விடுவேனா?

"இடது குதிக்காலுக்குப் பின்னாலை அப்பான்ரை அடையாளம் இருக்குமாம். இருக்குதோ எண்டு பாருங்கோ" என்றும் சொல்லியிருந்தார். பார்த்தேன். நகமளவு இடத்தில் மெல்லிய கோடுகள். இதைக் காட்டித்தானே உரிமை கேட்பார்! மண்கடதாசியால் கோடுகள் அழியும்வரை உரஞ்சினேன். அந்த இடம் மட்டும் மினுங்கினால் பிடிபட்டுவிடுவேன் என்று, திருவிழாவுக்குக் குத்துவிளக்கு மினுக்குவதுபோல் பழப்புளியும் சாம்பலும் போட்டு முழுச் சிலையையும் தேய்த்தேன். என் கெட்டித்தனம் எனக்கே பிடித்திருந்தது.

தை மாதம் வந்தார். என் வயதுக்காரர். கதிரையைச் சிலைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் காவல் இருந்தேன். அவர் தூக்கவில்லை. குந்தியிருந்து குதிக்காலைத் தடவினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் தடவினார்.

"இதிலை ஒண்டும் இல்லையே, அக்கா."

"எனக்குத் தெரியாது. முந்தியே இல்லைப் போலை."

"அப்பா பேர் வெட்டமாட்டாராம். மெழுகிலை பெருவிரலை அமத்தி விடுவாராம். அம்மா சொல்லுறவா. அவர் சாகேக்கை எனக்கு ரண்டு வயசு. என்ரை விரலை ஒருக்கா அதிலை வைச்சுப் பாக்கத்தான் வந்தனான்."

எழும்பி, கதிரையைச் சிலையை விட்டுத் தள்ளிப் போட்டேன். நான்தான் உரஞ்சினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீங்கள் இதைக் கொண்டு போங்கோ" என்றேன்.

"வேண்டாம் அக்கா. இது உங்கடை ஐயா எல்லோ."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார். வாசலில் நின்று சிலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவு கவனமா மினுக்கி வைச்சிருக்கிறியள்" என்று என்னைக் கும்பிட்டார்.