மூட்டை பிரித்த ஆடி

செஞ்சிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் ஆட்டுக்கல் கிடையாது. மாவு அரைக்க வேண்டுமென்றால் ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவின் கொல்லைக்குப் போவேன். பெரிய அண்டாவும் பித்தளைப் பாத்திரங்களும் கோணிப்பையில் கட்டியது கட்டியபடி மூலையில் கிடந்தன. கேட்டால் நைனாவிடம், என் அப்பாவிடம், ஒரே பதில்தான்: அடுத்த கோயில் திருவிழாவுக்கு ஊரில் இருப்போம், எதற்கு வீண் சுமை? அப்படி ஐந்து திருவிழாக்கள் வந்து போய்விட்டன.

எங்கள் ஊர் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஊர் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஏரி மதகுத் தகராறில் ஊர்ப் பெரியவர் செய்தது தப்பு என்று நைனா தாசில்தாரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். மறுநாளே ஊர்க்கட்டுப்பாடு. யாரும் எங்களோடு பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, கோயிலில் எங்கள் பக்கத்தில் முழந்தாளிடக் கூடாது. மூன்று மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டி படுக்கையைக் கட்டினோம். அம்மாவின் கல்லறை அங்கேயே இருந்தது. நைனா தவித்ததெல்லாம் அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வரும்.

அவர் மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே, வேலை பார்த்தார். நான் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தேன். விவசாயி அவர், வாடகை வீட்டுக் கொல்லையில் நல்ல மண் சும்மா கிடந்தது. ஒரு கத்திரிச் செடிகூட வைக்க மாட்டார்.

அந்தச் சித்திரையில் திண்டிவனத்திலிருந்து ஒரு வாத்தியார் என்னைப் பெண் பார்க்க வந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை. அவர் வீட்டுக்கும் சம்மதம். இடைஞ்சல் நைனாதான். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்ன ஊர்ப் பெண்ணுக்கும் இன்ன ஊர்ப் பையனுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அந்த ஓலை எங்கள் ஊர்க் கோயிலில்தான் வாசிக்கப்பட வேண்டும் என்று நின்றுவிட்டார். இத்தனை வருஷம் இங்கே குடியிருக்கிறீர்கள், இதுதான் உங்கள் பங்குக் கோயில், இங்கேயே வாசிக்கலாம் என்று செஞ்சிக் கோயில் சாமியார் சொல்லிப் பார்த்தார். செஞ்சியில் வாசித்தால் செஞ்சிக்காரர்கள் ஆகிவிடுவோமே என்பது நைனாவின் பயம். மாப்பிள்ளை வீட்டார் தை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் தவக்காலம், கல்யாணம் கிடையாது. வேறு இடம் பார்ப்பார்கள். எனக்கு வயது இருபத்தேழு.

நைனாவின் பிடிவாதத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் முறைக்குச் சித்தப்பா ஒருவர். மாதம் ஒருமுறை ஊர்க் கண்ணில் படாமல் அங்கிருந்து வருவார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பெரியவருகிட்ட பேசிக்கிட்டு இருக்கோம் அண்ணே, இன்னும் ரெண்டே மாசம், என்பார். அந்த ரெண்டு மாசம் முடிந்ததே இல்லை.

சாயங்கால ஜெபம் முடிந்ததும் வேதப்புத்தகத்தில் தினம் ஓர் அதிகாரம் நான் வாசிக்க வேண்டும், வரிசையாக, ஒன்றைக்கூடத் தாண்டாமல். அது நைனாவின் சட்டம். அந்த ஆடியில் இறைவாக்கினர்களின் புத்தகங்களில் இருந்தோம். ஒரே திட்டும் அழுகையும், எனக்கு அலுத்துப்போயிருந்தது. சித்தப்பா வந்து போன மறுநாள் வந்த அதிகாரத்தில், மர நுகத்தை உடைத்துப் போட்டுவிட்டு, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லோரும் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள் என்று கோயிலில் நின்று ஒருவர் சொல்கிறார். அது பொய் என்று தெரிகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவேதான்! நைனா சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் வந்த அதிகாரம் ஒரு கடிதம். அந்நிய மண்ணில் கிடப்பவர்களுக்கு எருசலேமிலிருந்து இறைவாக்கினர் எழுதுகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு விளைந்ததைச் சாப்பிடுங்கள். பெண்களைக் கட்டிக் கொடுங்கள். இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாயிருந்தால்தான் நீங்களும் நன்றாயிருப்பீர்கள். திரும்பிப் போவது உண்டு, ஆனால் எழுபது வருஷம் ஆகும்.

பெண்களைக் கட்டிக் கொடுங்கள் என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. சாமி மேல் சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை.  நைனா, "அந்த எடத்த இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார். போகவே மாட்டோம் என்று கடிதம் சொல்லவில்லை. போகும்வரை உயிரோடிருக்கச் சொன்னது. அதுவரை நான் கேட்ட ஆறுதல்களிலேயே அதுதான் பொய் கலக்காதது.

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். அந்தக் காலத்தில் செஞ்சிக் கோட்டைக்குச் சிப்பாய்களாக வந்து தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. "இன்னாம்மா, உங்க நைனா கடப்பாரை கேக்கறாரு. அஞ்சு வருசமா கேக்காத மனுசன், இன்னா ஆச்சு?" என்றார். எட்டிப் பார்த்தேன். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையைக் கொத்திக்கொண்டிருந்தார். அன்றே வேலியோரம் அவரைக் கொட்டை ஊன்றினார். அடுத்த சந்தையில் ஆட்டுக்கல் வந்தது. கோணிப்பைகளை நானே பிரித்தேன். அண்டாவுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எங்களுக்கு முன்னால் அதற்குப் புத்தி வந்திருக்கிறது.

அன்றிலிருந்து ஜெபத்தில் நைனா செஞ்சியையும் சேர்த்துக்கொண்டார். மழைக்கு, மண்டிக்கு, வீட்டுக்கார அம்மாவின் மூட்டுவலிக்கு என்று பட்டியல் நீண்டதில் என் முழங்கால்தான் வலித்தது.

தை மாதம் செஞ்சிக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். அந்த வாரமே சித்தப்பா வந்துவிட்டார், இந்த முறை நிஜமான சேதியோடு. ஊர் இறங்கி வந்துவிட்டதாம். தாசில்தாரிடம் சொன்னது பொய் என்று நைனா ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். நம்ம கோயிலிலேயே கல்யாணம், அண்ணி கல்லறையில் பொண்ணும் மாப்பிள்ளையும் பூப் போடலாம் என்றார்.

அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டேன். ஐந்து வருஷமாக நைனா கேட்டது இதைத்தானே? அம்மாவின் பேரைச் சொன்னதும் அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால், பொய் சொல்லிப் பெற்ற அந்தப் பந்தலில் நான் எப்படி உட்காருவேன்?

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பாவின் இலையில் இன்னும் கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல் வைக்கச் சொன்னார்.

"நம்ம கொல்லையில காய்ச்சது, சாப்புடு" என்றார். "கல்யாணத்துக்கு மொத நாளே வந்துடு. எங்க ஊர்லதான் கல்யாணம். செஞ்சில."